மறுநாள் நடை, மூன்றாம் மாத நடை

இடுப்பு மூட்டு மாற்றிய மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து நடக்க வைத்துவிடுகிறார்கள். நாமும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறோம். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படத்தைப் பார்த்தவர்கள் பத்தாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள். "இன்னுமா வலிக்குது? அன்னைக்கே நல்லாத்தானே நடந்தீங்க!" வில்லியனூரில் அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு மாதத்தில் வண்டி ஓட்டினாராம். விருந்தாளி போனதும் நோயாளிக்கு வலியோடு பயமும் சேர்ந்துகொள்கிறது: ஆபரேஷன் சரியாக ஆகவில்லையோ?

மறுநாள் நடக்க வைப்பது குணமாகிவிட்டது என்பதற்காக அல்ல. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. புது மூட்டு அன்றைக்கே உடம்பின் பாரத்தைத் தாங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள சதைக்குத்தான் நாள் பிடிக்கும். தொடை எலும்பின் தேய்ந்த பந்து முனையை அறுத்தெடுத்து, எலும்புக்குள் உலோகத் தண்டை இறக்கி, இடுப்பெலும்பில் புதுக் கிண்ணம் பதிக்கிறார்கள். இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962-இல் நிலைநிறுத்திய அடிப்படை முறை இன்றும் இதுதான். இவ்வளவு செய்த இடம் வலிக்காமல் இருக்குமா?

ஆனால் இது வேறு வலி. கவட்டைப் பக்கம் பல வருஷமாகக் குடைந்த பழைய வலி பெரும்பாலும் சீக்கிரமே விட்டுவிடும். இப்போது இருப்பது வெட்டுக்காய வலி. முதல் இரண்டு வாரம் அதுதான் படுத்தும். தொடை வீங்கும், ரத்தக்கட்டு முழங்கால் வரை நீலமாக இறங்கும், இரவில் தூக்கம் கெடும். ஆறு வாரத்துக்குள் வலி படிப்படியாகத் தணிந்து, பலர் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் பெரும்பாலும் கைகூடும். காலில் பலம் கூடுவதும் சாய்ந்த நடை நிமிர்வதும் ஒரு வருஷம் வரைகூட நடக்கும். ஒருநாள் நன்றாக நடந்துவிட்டு மறுநாள் முடங்கினால் மனம் உடைய வேண்டாம். முந்தின நாள் கொஞ்சம் அதிகமாக நடந்திருப்பீர்கள்.

எல்லாருக்கும் வலி முழுக்கப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த அறிக்கை ஒன்று, இடுப்பு மூட்டு மாற்றிய பிறகும் நூற்றுக்கு 7 முதல் 23 பேருக்கு நீண்டகாலம் வலி இருந்ததாகச் சொல்கிறது. ஆபரேஷனுக்குமுன் இதைச் சொல்வது பயமுறுத்துவது ஆகாது.

நம் பக்கத்தில் அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரத்துக்குத் தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் ஊருக்கே உரிய சிக்கல். நம் வாழ்க்கை பாதி தரையில் நடக்கிறது. சம்மணமிட்டுச் சாப்பாடு, குந்திப் பாத்திரம் கழுவுதல், பாயில் படுக்கை, பின்கட்டில் குந்து கழிப்பறை. பாகூர்ப் பக்கம் நாற்று நடப் போகிறவர்கள் நாளெல்லாம் குனிந்தே நிற்கிறார்கள். புது மூட்டுக்கு முதல் மாதங்களில் ஆகாதவை இவைதான்: இடுப்பை ஒரேயடியாக மடக்குவதும் காலைக் குறுக்கே போடுவதும் பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவ வைக்கலாம். பிறகு எதற்கு எப்போது அனுமதி என்பது அறுத்த முறையையும் பொருத்திய மூட்டையும் பொறுத்தது. எல்லாரும் "எப்ப நடக்கலாம்?" என்று கேட்கிறோம். "இனிமே தரையில உட்காரலாமா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் உயரமான கட்டிலும் கைப்பிடி வைத்த நாற்காலியும் கமோடு நாற்காலியும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால், தையலில் சீழோ சிவப்போ கண்டால், காய்ச்சல் விடாமல் அடித்தால், திடீரென்று கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போனால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லியனூர்க்காரர் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். போன வாரம் முடியாத எது இந்த வாரம் முடிகிறது என்று கேளுங்கள். அதற்குச் சொல்ல அவரிடம் நிச்சயம் ஏதாவது இருக்கும்.