வாங்கும் நிறுவனமும் சுமக்கும் நிறுவனமும்

2025 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகள், ஒரு நிறுவனம் மற்றொன்றைக் கையகப்படுத்த உள்நாட்டு வங்கிகளே கடன் வழங்க வழிதிறந்தன. பொருளாதார நாளேடுகள் இதை வளர்ச்சிக்கான செய்தியாகவே கொண்டாடின. ஆனால் இவ்விவாதத்தில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. கையகப்படுத்தலுக்குப் பெறப்படும் கடனை இறுதியில் அடைப்பது யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரா, அல்லது விலைபோகும் நிறுவனத்தின் நாளைய வருவாயா?

விடைக்கு டெட்லி ஒரு நல்ல தொடக்கம். 2000-ஆம் ஆண்டில் டாடா டீ, அளவில் தன்னைவிடப் பெரியதான அந்தப் பிரிட்டிஷ் தேயிலை நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இதற்கெனப் பிரிட்டனில் ஒரு சிறப்பு நோக்க நிறுவனம் நிறுவப்பட்டது. அதில் டாடா தரப்பு இட்ட பங்கு முதலீடு 7 கோடி பவுண்டு, கடன் 23.5 கோடி பவுண்டு. மொத்தம் விலையைவிடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், பரிவர்த்தனைச் செலவும் நடைமுறை மூலதனமும் அதில் அடங்கியிருந்தமையே. கடன் கொடுத்தோர் நம்பியது டெட்லியின் தேயிலைப் பைகள் ஈட்டும் பணத்தை. இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தை அன்று. திட்டம் தோற்றிருந்தால் டாடா டீ இழந்திருக்கக்கூடியது அதன் பங்கு முதலீட்டை மட்டுமே. தேயிலை குடிக்கும் பழக்கம் பொருளாதார மந்தத்தில் திடீரென நின்றுவிடுவதில்லை. ஆகவே இக்கடன் பொருளுக்கு ஏற்ற கடனாக அமைந்தது.

உருக்கு அப்படிப்பட்ட பொருளன்று. 2006 அக்டோபரில் கோரஸின் ஒரு பங்குக்கு 455 பென்ஸ் தருவதாகத் தொடங்கிய டாடா ஸ்டீல், பிரேசிலின் சிஎஸ்என் நிறுவனத்துடன் போட்டியிட்டு 2007 ஜனவரி இறுதியில் 608 பென்ஸில் வென்றது. சில மாதங்களில் விலை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அந்த உயர்வில் ஆலையின் திறன் ஒரு டன்கூடக் கூடவில்லை. விலையின் பெரும்பகுதி கடனாகவே திரட்டப்பட்டது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது. 2016-இல் பிரிட்டனின் நீள் உருக்குப் பிரிவு ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலையும் அணைந்தது. இவற்றுக்கெல்லாம் கடனே காரணம் என்பது மிகை. சீன உருக்கின் பெருக்கமும் ஐரோப்பிய எரிசக்தி விலையும் தத்தம் பங்கை ஆற்றின. ஆனால் சந்தை ஏறி இறங்கும் தொழிலில் நிலையான வட்டிச் சுமை, இறங்கும் காலத்தில் தாங்கும் வலிமையைத்தான் முதலில் தின்கிறது.

இந்தியாவுக்குள் நிலைமை வேறு. ஒரு பொது நிறுவனம் தன் பங்குகளைப் பிறர் வாங்குவதற்கு நிதியுதவி செய்யக்கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. ஒரு நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனத்தில் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குகளை வங்கி பிணையாகக்கூட வைத்திருக்க இயலாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். ரிசர்வ் வங்கியும் சில விலக்குகள் தவிர இத்தகைய கடனைத் தடுத்தே வந்தது. விளைவு, தேவை மறையவில்லை, இடம் மாறியது. வங்கியல்லா நிதி நிறுவனங்களும் கடன் பத்திரங்களும் அயல்நாட்டு வங்கிகளும் அவ்விடத்தை நிரப்பின. குஜராத்தின் ஹசீராவில் இயங்கும் எஸ்ஸார் ஸ்டீல் 2019 டிசம்பரில் ஆர்சலர் மித்தல், நிப்பான் ஸ்டீல் கூட்டணியின் வசமானது; சில மாதங்களிலேயே அக்கூட்டு நிறுவனம் ஜப்பானிய வங்கிகளிடம் 500 கோடி டாலருக்கும் மேற்பட்ட பத்தாண்டுக் கடனைப் பெற்றது. இந்திய வங்கிகளின் வாராக்கடனாக வீழ்ந்த ஆலைக்கு, வட்டி ஈட்டும் நல்ல காலம் வந்தபோது அந்த வட்டி டோக்கியோவுக்குச் சென்றது. தடையை நீக்க வேண்டும் என்போரின் வாதத்தில் வலு இருக்கிறது.

எனவே ரிசர்வ் வங்கியின் திசை சரியே. வாங்குபவர் விலையில் குறைந்தது 30 சதவீதத்தைச் சொந்த நிதியிலிருந்து இட வேண்டும் என்ற வரைவின் நிபந்தனையும் சரியே. டெட்லியில் அவ்விகிதம் அதைவிடக் குறைவாக இருந்தது. ஐயம் எழுவது பிணையைப் பற்றி. வாங்கப்படும் நிறுவனத்தின் பங்குகளே முதன்மைப் பிணை என்றது 2025-இன் வரைவு. கையகப்படுத்தல் பிழையாகப் போகும் நாளில்தான் வங்கி பிணையை நாடும். அந்நாளில்தான் அப்பங்குகளின் மதிப்பும் சரிந்திருக்கும். மழை பெய்யும்போது ஓட்டையாகும் குடை அது. பங்கு விலையைவிட, வாங்கப்படும் நிறுவனத்தின் மோசமான ஆண்டு வருவாய் வட்டியை எத்தனை மடங்கு தாங்கும் என்பதையே வங்கிகள் முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு குறை அதைவிடப் பெரிது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, மூன்றாண்டு இலாபம் காட்டிய நிறுவனத்துக்கே 2025-இன் வரைவு இடமளித்தது. ராஜ்கோட்டின் வார்ப்பாலையோ லூதியானாவின் உதிரிபாகத் தொழிலகமோ, நடத்தியவர் முதுமையடைந்து வாரிசும் முன்வராதபோது, அதை வாங்க விரும்பும் மேலாளருக்கு அவ்வரைவில் வழி இருக்கவில்லை. அவருக்கு எஞ்சுவன சொந்த வீட்டின் அடமானமும், விற்பவரே தவணையில் பணம் பெற ஒப்பும் பெருந்தன்மையும்தான். அத்தவணை முறை, உண்மையில், கையகப்படுத்தலுக்கான மிக நேர்மையான நிதியாதாரம். தொழில் நிலைக்கும் என்று விற்பவர் நம்பாவிடில் அவர் அதற்கு இசையமாட்டார். 1980-களின் இறுதியில் பம்பாயின் கமானி டியூப்ஸைத் தொழிலாளர் கூட்டுறவே ஏற்றுநடத்தத் துணிந்தது. அத்தகையோருக்கு அன்றும் தனிக் கடன் சாளரம் இல்லை. 2025-இன் வரைவிலும் இல்லை.