வசை வேறு, மிரட்டல் வேறு



லாபுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “என் மகளை டிக்டாக்கில் கேவலமாகப் பேசி, ‘வீட்டுக்கே வருவேன்’ என்று மிரட்டுகிறவனை உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.”

இருக்கிறது, அம்மா. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

2024 ஜூலையில் நாம் இழந்த ஈஷாவை நினைத்துப் பாருங்கள். டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த நம் பெண். தன்னை மிரட்டுகிறார்கள் என்று கோலாலம்பூர் டாங் வாங்கி காவல் நிலையத்தில் புகார் கொடுத்த மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அதன்பின், ஈஷாவை டிக்டாக்கில் ஏசிய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். சிரம்பானுக்குப் போய் ஒரு வாரச் சாமான் வாங்கினால் கரைந்துவிடும் காசு. நாடே கொதித்தது. மாஜிஸ்திரேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அந்தப் பெண்மேல் சாட்டப்பட்ட பிரிவுக்கு உச்சவரம்பே 100 வெள்ளிதான்.

அந்தக் கொதிப்பு வீண்போகவில்லை. குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. அப்படித் துன்புறுத்தித் தூண்டியதில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால் 10 ஆண்டு வரை. ஒருவரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைத் தொல்லை கொடுக்கவென்று பரப்புவதும் இப்போது குற்றம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொலை மிரட்டல் 2025க்கு முன்பும் குற்றம்தான். பழைய 506ஆவது பிரிவிலேயே அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டல் இல்லாத கேலிக்கும் உயிர் போனதுண்டு: 2020 மே மாதம் பினாங்கில் 20 வயதுத் தமிழ்ப்பெண் ஒருத்தி, தன் டிக்டாக் காணொளியை முகநூலில் ஒருவர் போட்டுக் கேலிப்பொருளாக்கியதால் உயிரை விட்டாள். அப்போதும் கொதித்தோம், பிறகு மறந்தோம். சட்டத்தில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் “போனில் பேசியதுதானே, பிளாக் பண்ணிவிடு” என்று புகார் கொடுக்க வருகிறவரிடம் சொல்லி அனுப்புகிற மனப்பான்மை அதைவிடப் பெரிய ஓட்டை.

அதற்காக, திட்டியவனையெல்லாம் உள்ளே தள்ளு என்று நான் எழுத மாட்டேன். ஹெய்டி குவாவின் கதை தெரியுமா? அகதிகளுக்காக உழைக்கிற இளம்பெண். 2020இல் குடிநுழைவுத் தடுப்பு முகாமின் நிலைமை பற்றி முகநூலில் எழுதினார். அடுத்த ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். யாரையும் அவர் மிரட்டவில்லை. அதிகாரத்தில் இருப்போருக்கு எழுதியது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ‘மனம் நோகப் பேசினான்’ என்பதை மட்டும் குற்றமாக்கினால், சம்பள பாக்கி கேட்டுப் பதிவு போடும் தொழிலாளியும் வீடு கேட்டுப் போராடும் தோட்டத்துக் குடும்பமும்தான் முதலில் மாட்டுவார்கள். ஆகவே என் கட்சி இது: கொல்வேன், கெடுப்பேன் என்கிறவனுக்கும், ஒருத்தியை விடாமல் துரத்தித் துரத்தி நோகடிக்கிறவனுக்கும் சிறை. ஒருமுறை வாய் தவறியவனுக்குக் கண்டிப்பும் அபராதமும் போதும். அரசாங்கத்தைத் திட்டுகிறவனுக்கு ஒன்றுமே வேண்டாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏச்சுப்பேச்சு புதிதல்ல. லயத்துக் குழாயடியில் கேட்காத வார்த்தையா? ஆனால் ஏசியவரும் ஏச்சு வாங்கியவரும் மறுநாள் விடியுமுன் ஒரே பெரட்டு வரிசையில் நிற்க வேண்டும். மிஞ்சினால் மண்டோரோ கோயில் தலைவரோ கூப்பிட்டு அதட்டுவார்கள். (அந்தக் காலத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். குழாயடிப் பேச்சுக்குப் பயந்து ஊரைவிட்டே போன பெண்களும் உண்டு.) பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் வேலைக்குப் போனார்கள். பேச்சு கைப்பேசிக்குள் ஏறிவிட்டது. நள்ளிரவு நேரலையில் ஒருத்தியின் ஒழுக்கம், அவள் அம்மா, சாதி, எல்லாம் சந்திக்கு இழுக்கப்படுகின்றன. திரையோரம் சிரிப்புப் பொம்மைகள் ஓடுகின்றன, ரோஜாப்பூப் பரிசுகள் பறக்கின்றன. ஒவ்வொரு ரோஜாவுக்கும் யாரோ காசு கட்டியிருக்கிறார்கள். ஏசுகிறவனைப் பிடிக்கச் சட்டம் வந்துவிட்டது. பார்த்து ரசித்துப் பூப்போடும் நம்மவர்களை எந்தப் பிரிவில் பிடிப்பது?

லாபுத் தாயே, இனிக் காரியத்துக்கு வருவோம். மிரட்டல் வந்த பதிவை அழிக்க வேண்டாம். தேதி, நேரம், அனுப்பியவரின் கணக்குப் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தமிழில் வந்த மிரட்டலின் பொருளை மலாயில் எழுதிக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். புகாரில் 507பி என்று குறிப்பிடச் சொல்லுங்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். மகளைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். அவள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் புகாருக்கு முன் அதைக் கவனியுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவை 2023இலேயே நீக்கிவிட்டார்கள். உதவி கேட்பதால் வழக்கு வராது. மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, எந்நேரமும் அழைக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்