பலம் வேண்டாம், பதம் போதும்

"கோல்ஃபா? அதெல்லாம் தோள் பலமுள்ள ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று ஒதுங்கும் சகோதரிகள் நம் நீலகிரியில் நிறைய பேர். ஊட்டி ஜிம்கானா, வெலிங்டன் ஜிம்கானா என்று 18 குழி மைதானங்கள் பக்கத்திலேயே இருந்தும், வீட்டுக்காரர் ஆடப் போவார், நாம் வேடிக்கை பார்ப்போம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பந்தை 200 கஜம் பறக்க விட்டாலும் எண்ணிக்கையில் ஒன்று. குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தள்ளினாலும் ஒன்றுதான்! கிரீன் என்கிற அந்த வழவழப்பான புல்தரையைச் சுற்றி ஆடும் ஆட்டத்துக்குப் பலம் வேண்டாம். கைப்பதம் இருந்தால் போதும்.

பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். ரொம்ப தூரம் அடிக்கக்கூடியவர் அல்ல. ஆனாலும் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குழிக்குப் பக்கத்து ஆட்டத்தின் நேர்த்தியால் 4-ம் இடம் வரை வந்தார். ஒரே ஒரு அடியில் பதக்கம் கைநழுவியது. அங்கே அவருக்குப் பை சுமந்தது யார் தெரியுமா? பெற்ற தாய்!

இனி முறைக்கு வருவோம். கிரீனை ஒட்டிப் புல் கட்டையாக இருந்தால், வெளியிலிருந்தே பட்டரால் உருட்டி விடுங்கள். புல் சற்று வளர்ந்திருந்தால் 9-ம் நம்பர் அயர்ன். நடுவில் மணல் குழி குறுக்கிட்டால் மட்டுமே பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ்.

வலக்கைக்காரர்கள் கால்களை நெருக்கி வைத்து, உடம்பின் பாரத்தை இடது காலில் போடுங்கள். பந்து வலது பாதத்தின் பக்கம் இருக்கட்டும். பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, கை பந்துக்கு முன்னால் இருக்கும்படி பிடியுங்கள். தோளும் கையும் ஒன்றாக அசையட்டும். பந்தைத் தூக்கிவிட மணிக்கட்டை மடக்காதீர்கள்; மட்டையின் சாய்வே தூக்கிவிடும்.

கண் குழியின் மேல் இருக்கக் கூடாது. பந்து முதலில் விழ வேண்டிய இடத்தைக் கோலப்புள்ளி மாதிரி மனசில் குறித்துக்கொண்டு அங்கே போடுங்கள். 9-ம் நம்பரில் ஏறக்குறைய ஒரு பங்கு பறந்தால் இரண்டு பங்கு உருளும். காலைப் பனியில் புல் நனைந்திருந்தால் ஓட்டம் குறையும். வெயில் ஏறியதும் அதே பந்து தாண்டி ஓடும், ஜாக்கிரதை!

வீட்டுப் பயிற்சிக்குத் தினம் 10 நிமிஷம் ஒதுக்கினால் போதும். குழியின் அகலம் 4¼ அங்குலம். கிட்டத்தட்ட காப்பி டபரா அளவு. ஜமக்காளத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, 3 அடியிலிருந்து உருட்டுங்கள். சின்ன வாயில் விழப் பழகினால் நிஜக் குழி பெரிசாகத் தெரியும். முற்றத்தில் ஐந்தாறு தப்படி தள்ளித் துண்டை விரித்து, அதன் மேல் பந்தைப் போட்டுப் பாருங்கள். மட்டை வீசும்போது குழந்தைகள் அருகில் வரவே கூடாது.

குளிரில் உடனே ஆரம்பிக்காமல் 5 நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். முதுகை வளைக்காமல், முழங்காலைத் தளர்த்தி, இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். பிள்ளை பெற்றவர்களும் முதுகுவலிக்காரர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

இரண்டு மாசம் இப்படிப் பழகிவிட்டு, கிரீன் ஓரத்தில் வீட்டுக்காரரைப் போட்டிக்குக் கூப்பிடுங்கள். பெண் குழந்தை இருந்தால் அவள் கையிலும் ஒரு மட்டையைக் கொடுங்கள்!