'பரையா' அரிய ஆங்கிலச் சொல்லா?



நம் குழுவில் 'தினம் ஒரு அரிய ஆங்கிலச் சொல்' வருகிறது. நல்ல முயற்சிதான். ஆனால் நேற்று வந்த சொல் 'பரையா'. பொருள்: ஒதுக்கப்பட்டவர். உதாரணத்துக்கு, உலகம் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் பற்றி ஒரு வாக்கியம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இது யாருடைய பெயர் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே!

இது நம் பறையர் மக்களின் பெயர். பறை என்ற கருவியிலிருந்து வந்தது என்று 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியே சொல்கிறது. 1886இல் வெளிவந்த அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் பர்னெல். நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். (முஹர்ரம் ஊர்வலத்தில் கேட்ட "யா ஹசன், யா ஹுசைன்" வெள்ளைச் சிப்பாய்கள் வாயில் சிதைந்ததுதான் ஹாப்சன் ஜாப்சன். கூத்தாநல்லூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?)

அதே அகராதியில் அணைக்கட்டு 'அனிகட்' ஆகியிருக்கிறது. கல்லணைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிராண்ட் அனிகட். கட்டுமரம் 'கேட்டமரான்', மிளகுத்தண்ணி 'மல்லிகடானி', கணக்கப்பிள்ளை 'கானிகாப்போலி'. சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். உச்சரிப்புதான் கெட்டது, அணை அணையாகவே இருக்கிறது. மக்களின் பெயர் மட்டும் வசையாகிவிட்டது.

"சார், வெள்ளைக்காரன் சாதியை நினைத்தா சொல்கிறான்? பொருள் எப்போதோ மாறிவிட்டது" என்று எழுதுவீர்கள். அவனுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமே! அந்தப் பொருளை அவன் எங்கே கற்றான்? ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்ட நம்மிடம்தான். ஒதுக்கப்பட்டவர் என்று எழுதும் அகராதி, ஒதுக்கியவர் யார் என்று எழுதுவதில்லை. இதையே தமிழில் மேடையேறி வசையாகச் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும். ஆங்கிலத்தில் சொன்னால் மட்டும் புலமையா?

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அலுவலகக் கடிதம் எழுதுகிற பிள்ளைகளே, 'அவுட்காஸ்ட்' என்று எழுதுங்கள், பொருள் ஒன்றும் குறையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதினால் எடுத்துச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், பறை என்றால் என்ன என்று சொன்னாலே போதும்.

குழுவை நடத்தும் தம்பி நேற்றைய பதிவை இன்றைக்கே நீக்கிவிடட்டும். நாளைக்கு 'அனிகட்' போடுங்கள், கல்லணைப் படத்தோடு.