ஆறடி நீரும் ஒரு சட்டமும்

முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிப் பேசாத திண்ணை கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. பேச்செல்லாம் அணையின் பலத்தைப் பற்றியே. அவ்வழக்கில் அதனினும் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. நியாயஸ்தலம் தீர்த்த விஷயத்தை ஒரு சட்டசபை சட்டமியற்றி மாற்றலாமா என்பதே அது.

கேரள எல்லைக்குள் நிற்கும் அவ்வணையைக் குறித்து 1979-இல் அச்சம் எழுந்ததன் பின், நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006 பெப்ருவரி 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. 104 அடிக்குக் கீழுள்ள நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே நமக்கு வராது. ஆகவே மேலே நிற்கும் ஆறடியின் அருமை, இருபோகம் விளைவிக்கும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் குடியானவர்களுக்குத் தெரியும். தீர்ப்பு வந்த பத்தொன்பதாம் நாள், மார்ச் 18-இல், கேரளச் சட்டசபையின் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆபத்துக்குரிய அணைகளென்று ஓர் அட்டவணை, அதில் பெரியாறு, அதற்கெதிரே 136 அடி!

தமிழ்நாடு மீண்டும் வழக்காடிற்று. கேரளத்தின் வாதங்களுள் ஒன்று ரஸமானது. 1886-இல் 999 ஆண்டுகளுக்கு எழுதிய குத்தகை, திருவிதாங்கூர் மகாராஜா பிரிட்டிஷ் சர்க்காரோடு செய்துகொண்ட ராஜரீக உடன்படிக்கை போன்றது. 1947-இல் பிரிட்டிஷ் ஆதிக்கம் நீங்கியபோது அதுவும் நீங்கிற்று. அத்தகைய உடன்படிக்கைகளை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமும் இல்லை என்றார்கள். ஐந்து நீதிபதிகள் 2014 மே 7-இல் இதை ஏற்கவில்லை. அது குத்தகையே என்றார்கள். (ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை பேசி 8,000 ஏக்கருக்கு எழுதிய பத்திரத்தை வேறெப்படி அழைப்பது?) 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீதி பரிபாலன அதிகாரத்தில் தலையிடுவதால் செல்லாது என்றும் தீர்த்தார்கள். சட்டசபை பொதுச் சட்டத்தை மாற்றலாம். இருவருக்கிடையே விசாரித்து நியாயஸ்தலம் கண்ட உண்மையை, அவ்விருவருள் ஒருவர் கைதூக்கி வாக்களித்து மாற்றலாகாது.

மலைக்கப்பால் அணையின் கீழே வாழ்வோரின் அச்சம் பொய்யன்று. அதைக் கோர்ட்டில் நிரூபிக்க வழி இருந்தது, நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழு அணையை ஆராய்ந்தது. அவ்வருஷம் நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது.

தேசங்களுக்கிடையே இப்பிணக்கு இன்னும் கடினமானது. 2021 அக்டோபரில் போலந்தின் அரசியலமைப்பு நியாயஸ்தலம், ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தங்களின் சில பகுதிகள் தம் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. நீதிபதிகளைத் தண்டிக்கும் ஒரு சபையை நிறுத்திவைக்குமாறு ஒன்றியத்தின் கோர்ட் இட்ட உத்தரவையும் அந்நாடு மதிக்கவில்லை. அதற்காக அம்மாதமே நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே பிடிக்காத தேசம் விலகியும் போகலாம். பிரிட்டன் 2020-இல் போயிற்று. நம் மாகாணங்களுக்கோ அரசியலமைப்பு ஒன்றே. விலகும் வழி இல்லை.

நம் மேடைகளில் எவரும் சொல்லாத பழைய சங்கதி ஒன்றுண்டு. பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரமும் எடுக்கலாமென்று சென்னை சர்க்கார் வாதாடிற்று, திருவிதாங்கூர் மறுத்தது. இரு தரப்பு மத்தியஸ்தர்களும் ஒத்துவராமையால், நடுவரான நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941 மே மாதம், நீர் பாசனத்துக்கே உரியது எனத் தீர்ப்புச் சொன்னார். தோற்றது நம் தரப்பு. அத்தீர்ப்பைச் சட்டசபையில் எவரும் ரத்துச் செய்யவில்லை. லோயர் காம்ப்பில் மின்சாரம் எடுக்கும் பாத்தியதை எதிர்த்தரப்பு இசைந்த பின்னரே கிடைத்தது. 1970 உடன்படிக்கையில் அதற்கென்று தனிக் கட்டணத்துக்கும், ஏக்கருக்கு 30 ரூபாய் வாடகைக்கும் நாம் சம்மதித்துக் கையெழுத்திட்டோம்.