நடப்பதற்கு ஒரு கரை

நீர்நிலையைச் சுற்றி மரநிழலில் நெடுந்தூரம் நடப்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியாயின், நீரிழிவுக்கு மருத்துவர் சொன்ன நடையைக் கல்முனையில் விடியற்காலை நெடுஞ்சாலை ஓரத்தில், பேருந்துகளுக்கு ஒதுங்கியபடி நடப்பவர்கள் யார்?

கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்களும் சதுப்பு நிலமும், நடுவே நெருக்குண்ட ஊர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தபோது, வீடிழந்தோர் மேற்கே பார்த்ததில் குற்றமில்லை. அந்தத் தேவையைச் சாட்டாக்கி இன்றும் தாழ்நிலத்தில் மண் கொட்டுவதே குற்றம். வெள்ளம் தங்கவேண்டிய இடத்தை நிரப்பிவிட்டு, மாரியில் கிட்டங்கி வீதியை நீர் மூடுகிறதென்று முறையிடுகிறோம்.

கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதியைப் பெற்றது. அதன் அருகே பெத்தகானவில் சதுப்புக்குள்ளேயே நடைபாதை உண்டு. மலையகத்தில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைவழி உண்டு. இங்கு மட்டும் ஏன் ஆகாது?

சீமெந்துப் பூங்கா வேண்டாம். இருக்கும் வரம்புகளை இணைத்து, இருமருங்கும் மருதமரம் நட்டால் போதும். எந்தப் பிரதேச செயலகத்தின் எல்லை என்ற வழக்கு எழும் என்பார்கள். எழட்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரைச் சுற்றி நடப்பதற்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் நூறு பேர் நடக்கும் கரையில் இரவோடிரவாக எவராலும் மண் கொட்ட முடியாது. பாதை வேண்டாம் என்போர் அஞ்சுவதும் அதற்குத்தானோ?