காளானைப் பச்சையாய் உண்ணலாமா?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாது பெய்து ஓய்ந்தால், கீழ்க்கட்டளை ஏரிக்கரையிலும் வேலியோரங்களிலும் வெண்குடை விரித்தாற்போலக் காளான்கள் முளைத்துவிடுகின்றன. மற்றொரு புறம், வீட்டுக் கொட்டகைகளில் வைக்கோற் படுக்கையில் வளர்க்கும் சிப்பிக் காளானும் பால் காளானும் சந்தைக்கு வருகின்றன. இவை குறித்து அங்கத்தினர் எழுப்பும் வினாக்கள் இரண்டு. வளர்த்த காளானைப் பச்சையாய் உண்ணலாமா? தானே முளைத்த காளானை நன்றாய் வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா? இரண்டுக்கும் 'ஆகாது' என்பதே எமது விடை. ஆயினும் காரணங்கள் வேறு வேறு. அவற்றைக் குழப்பிக்கொள்வதே ஆபத்துக்கு வழி.

முதலில் வளர்த்த காளானைப் பார்ப்போம். இறாலின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளே காளானுக்கும் சுவராய் அமைந்துள்ளது. ஆகவே பச்சைக் காளான் எளிதில் செரிப்பதில்லை; அதன் சத்தும் உடலில் முழுமையாய்ச் சேர்வதில்லை. சிப்பிக் காளானில் இரத்த அணுக்களைச் சிதைக்கவல்ல ஒருவகைப் புரதம் உண்டு. சூடு பட்டால் அது செயலற்றுப் போகிறது. மொட்டுக் காளானிலுள்ள அகாரிட்டின் என்னும் பொருள் மனிதருக்குத் தீங்கு செய்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை; எனினும் ஐயத்துக்குரியது. சமைத்தால் அதுவும் பெரிதும் குறைகிறது. ஓரிரு பச்சைத் துண்டு தின்றவரை அச்சுறுத்துவது எம் நோக்கமன்று. அடுப்பில் தீர்ந்துவிடும் ஐயத்தை வயிற்றுக்குள் அனுப்புவானேன் என்பதே எமது கேள்வி.

2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து போஸ்மன் நகரில் ஓர் உணவகத்தில் உண்டவர்களில் 51 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அவர்கள் உண்டது, நம் காஷ்மீரத்தில் குச்சி என்று அதிக விலைக்கு விற்கும் இனத்தைச் சேர்ந்த காளான். அது பண்ணையில் வளர்க்கப்பட்டதே. ஆனால் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறப்பட்டது. பச்சையாய் உண்டவர்களே கூடுதலாய்ப் பாதிக்கப்பட்டனர் என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது.

இனித் தானே முளைக்கும் காளான். 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளானை உண்டு நோயுற்ற 13 பேர் திப்ரூகரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் மாண்டனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். காளானின் கொடிய நஞ்சாகிய அமாடாக்ஸின் கொதிநீரிலும் அழிவதில்லை, உலர்த்தினாலும் போவதில்லை. உண்டு ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை, சில வேளை அதற்கு மேலும், யாதொரு குறியும் தோன்றாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து ஓயும். 'பிழைத்தோம்' என்றிருக்கையில் ஈரல் கெட்டுவிடும்.

வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, பூச்சி அரித்திருக்கிறது, ஆகவே நல்ல காளான் என்று சொல்லப்படும் சோதனைகள் யாவும் பொய்யானவை. புல்தரையில் மழைக்குப் பின் தோன்றும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று, உண்டவரைக் கடும் வாந்தியிலும் பேதியிலும் தள்ளும். முதிர்ந்தபின் அதன் அடிப்புற மடல்கள் பசுமை கொள்ளும். இளமையிலோ வெண்மையாகவே இருந்து ஏமாற்றும்.

'எம் பாட்டனார் காலந்தொட்டுப் புற்றுக் காளான் பறித்து உண்கிறோமே' என்பாரும் உளர். அவர்தம் அறிவை நாம் இகழவில்லை. ஆனால் அவ்வறிவு ஒரு மண்ணுக்கும், பல்லாண்டு பழகிய கண்ணுக்கும் உரியது. வேற்றூரிலிருந்து குடிவந்து ஏரிக்கரையில் பறிப்பவருக்கும், அவரிடம் வாங்கி விற்கும் சங்கத்துக்கும் அது கைகொடாது.

எனவே சங்கங்கள் மூன்று காரியம் செய்ய வேண்டுமென்பது எம் கருத்து. முதலாவது, தானே முளைத்த காளானை, எவர் கொணரினும், விற்பனைக்கு ஏற்கலாகாது. சில ரூபாய் வரவு குறையலாம். ஒரு மரணம் நேரின் கொட்டகை வைத்திருக்கும் அத்தனை குடும்பங்களின் பிழைப்பும் போய்விடும். இரண்டாவது, ஒவ்வொரு பொட்டலத்திலும் பறித்த தேதியும், 'நன்கு சமைத்தே உண்க' என்னும் வாசகமும் அச்சிடப்பட வேண்டும். கைத்தறித் துணிக்கு முத்திரை எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இது. மூன்றாவது, ஐயமான காளானை உண்டவரை நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், மிஞ்சிய காளானுடன் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்பதை ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் எடுத்துரைக்க வேண்டும்.

வாணலியில் நீர் விட்டுச் சுருங்கி, அந்நீரும் வற்றி வெந்த காளான் நல்ல உணவு. நமக்கு நல்ல வருவாயுங்கூட. முளைத்ததெல்லாம் உணவன்று. உணவாய் வளர்த்ததையும் அடுப்பேற்றியே உண்போமாக.